தைவானில் முதல் ஸ்கூட்டரா?

தைவானில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நம் கண்ணும் கையும் இடப்பக்கத்துக்குப் பழகியவை. அதனால் முதல் வாரம் சைக்கிளில் சுற்றுங்கள்.

லைசென்ஸ் தேர்வில் பலர் கோட்டை விடுவது மெதுவாக ஓட்டும் இடத்தில்தான். 15 மீட்டர் நேர்க்கோட்டை, 7 விநாடிக்குக் குறையாமல், கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். (ஊரில் புல்லட் ஓட்டியவரும் தடுமாறுவார்!) பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பழகுங்கள். பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம், தூரத்தில் இருக்கட்டும்.

பல சந்திப்புகளில் ஸ்கூட்டர் நேரடியாக இடப்பக்கம் திரும்பக் கூடாது. நேரே போய், தரையில் வரைந்த வெள்ளைக் கட்டத்துக்குள் காத்திருந்து, அந்தப் பக்கம் பச்சை விழுந்ததும் நகருங்கள்.

பழைய வண்டி என்றால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெயர் மாற்றமும் கட்டாயக் காப்பீடும் முடியாமல் முழுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.