ஜாதிக்காய்த் தீவுகள் கற்பிக்கும் பாடம்

அண்மையில் ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து நம்மை ஒரு கேள்வி கேட்டார். "விளைந்ததையும் நெய்ததையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும் என்கிறீர்கள், ஐயா. வாங்குபவர் ஒருவரே என்றால் அதற்கு ஏகபோகம் என்றுதானே பெயர்?" என்றார். கூட்டம் சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, நானூறு ஆண்டுகள் பின்னோக்கி, கீழைக் கடலிலே உள்ள சில சிறு தீவுகளுக்குச் சென்று வருவோம்.

ஜாதிக்காயும், அதன்மேல் சிவந்த வலைபோலப் படர்ந்திருக்கும் ஜாதிபத்திரியும் ஒரே மரத்தின் பொருள்கள். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள பாண்டாத் தீவுகளில் மட்டுமே அம்மரம் அக்காலத்தில் பயிராயிற்று. அரிசிக்கும் துணிக்கும் அத்தீவினர் வெளியாரையே நம்பியிருந்தனர். ஜாவா, மலேயா வணிகர் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்து, ஜாதிக்காய் பெற்றுச் சென்றனர். ஒருவர் சொல்லும் விலை ஒவ்வாவிடில் மற்றொருவர்க்கு விற்கலாம். பயிரிட்டவர்க்கு அதுவே பலம்.

பல கைகள் மாறி ஐரோப்பாவை அடையுமுன் இச்சரக்கின் விலை பன்மடங்காயிற்று. அந்த லாபத்தை நாடிப் போர்த்துகீசியர் கடல்வழி தேடினர். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1509-ல் டையூக் கடற்போரில் எகிப்து, குஜராத், கோழிக்கோடு ஆகியவற்றின் கூட்டுக் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தனர். 1511-ல் மலாக்காவைக் கைப்பற்றினர். தம்மிடம் அனுமதிச்சீட்டுப் பெறாத கப்பல்களைப் பறிமுதல் செய்தனர். ஆயினும் கடலோ பெரிது, அவர்தம் கப்பல்களோ சில. வாங்குவோர் பலராயிருந்த நிலை முற்றிலும் மாறவில்லை.

அதனை மாற்றியது 1602-ல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் மூலதனம் சுமார் 64 லட்சம் கில்டர். செல்வரேயன்றி, வீட்டு வேலை செய்த பெண்ணொருத்தியும் அதிற் பங்கு சேர்ந்தாள். போர் தொடுக்கவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும் அதற்கு அரசு அதிகாரம் அளித்தது. கடல் எவர்க்கும் பொது என்று வாதிடும் குரோஷியஸ் என்னும் சட்ட அறிஞரின் நூல் 1609-ல் டச்சு நாட்டிலேதான் வெளிவந்தது. ஆனால் அதே ஆண்டில், பாண்டாவின் தலைவர்களுள் சிலரிடம், ஜாதிக்காயைத் தமக்கே விற்பதாகக் கம்பெனியார் கையொப்பம் பெற்றனர்!

பாண்டா மக்கள் பழைய வணிகருக்கும், புதிதாக வந்த ஆங்கிலேயருக்கும் தொடர்ந்து விற்றனர். இதனை ஒப்பந்த மீறல் என்றது கம்பெனி. 1621-ல் அதன் கவர்னர் ஜெனரல் கோயென் கப்பற்படையுடன் வந்து தீவுகளை வளைத்தார். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில், கொல்லப்பட்டோரும், பட்டினியால் மாண்டோரும், அடிமைகளாய் ஏற்றிச் செல்லப்பட்டோரும், தப்பியோடியோரும் போக, ஏறத்தாழ ஆயிரம் பேரே எஞ்சினர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. தோப்புகள் 68 பங்குகளாக்கப்பட்டுக் குத்தகையாளரிடம் விடப்பட்டன. அடிமைகள் உழைத்தனர், விலையைக் கம்பெனியே விதித்தது.

பாண்டாவின் ரன் என்னும் சிறு தீவு மட்டும் 1616 முதல் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் காவலில் இருந்தது. அதன்மீதிருந்த உரிமையை அவர்கள் எளிதில் விடவில்லை. இரு நாடுகளும் ஐரோப்பியக் கடலிலும் போரிட்டு, 1667-ல் பிரேடா நகரில் சமாதானம் செய்துகொண்டன. ரன் தீவு டச்சுக்காரருக்கு. 1664-ல் ஆங்கிலேயர் பிடித்திருந்த அமெரிக்கக் குடியேற்றம் ஆங்கிலேயருக்கு. அக்குடியேற்றத்தின் தலைநகரே இன்றைய நியூயார்க். ஒரு மாநகரின் தலைவிதியை எழுதியதில் ஜாதிக்காய்க்கும் பங்குண்டு.

இந்த வரலாற்றில் நம் நாட்டு நெசவாளருக்கும் இடமுண்டு. வெள்ளியைவிட, சோழமண்டலக் கரையின் துணியையே கீழைத் தீவுகள் விரும்பின. ஆகவே டச்சுக்காரர் 1610-ல் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். இத்துணி இல்லையேல் மொலுக்கஸ் தீவுகளில் வியாபாரமே இல்லை என்று 1612-ல் கம்பெனி அதிகாரி ஒருவர் எழுதினார். நம் தறியில் நெய்த துணியே அங்கே ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறியது.

ஆயினும் நம் நெசவாளர் கதை வேறு. இக்கரையில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எனப் பலர் துணிக்குப் போட்டியிட்டனர். ஒருவரிடம் பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொருவருக்கு நெய்ய வழியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தம் போட்டியாளரை அடக்கி மேலோங்கியபின் அவ்வழி அடைபட்டது. முன்பணம் பெற்ற நெசவாளர் பிறர்க்கு நெய்யாதபடி காவல் வைக்கப்பட்டது. கடலிலே போட்டி ஒழிந்ததும், தறியிலே உரிமை ஒழிந்தது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். டச்சுக் கம்பெனிக்கும் பங்குதாரர் இருந்தனரே, அவர்கள் நிலை என்ன? இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவர்களுக்கு இல்லை. பத்தாண்டு முடிந்ததும் முழுக் கணக்குக் காட்டப்படும் என்பது சாசனத்தின் விதி. 1612 வந்தது, கணக்கு வரவில்லை. 1622-ல் பங்குதாரர் சிலர் கணக்கெங்கே என்று கிளர்ந்தெழுந்தனர். மறுஆண்டு, பெரும் பங்குதாரருக்கு மட்டும் ஓரளவு மேற்பார்வை உரிமை கிடைத்தது. விளைவித்தவர்க்கோ பங்குமில்லை, வாக்குமில்லை.

அக்கம்பெனி ஆங்கிலேயருடன் 1780 முதல் 1784 வரை நடந்த போரில் நொடித்து, 1799-ன் இறுதியில் கலைந்தது. அதற்குள் பிரெஞ்சுக்காரர் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்தியிருந்தனர். பின்னர் ஆங்கிலேயர் பினாங்கு முதலிய இடங்களில் நட்டனர். இரத்தம் சிந்திக் காத்த ஏகபோகம் சில கன்றுகளால் கரைந்தது.

ஆகவே நம் விடை இது. வாங்குபவர் ஒருவரே என்பதனால் மட்டும் தீமை விளைவதில்லை. அந்த ஒருவரைக் கேள்வி கேட்க விற்பவர்க்கு உரிமை இல்லாதபோதே விளைகிறது. 1844-ல் ராச்டேல் நெசவாளரும் பிற தொழிலாளரும் தொடங்கிய சங்கத்தின் வழியில், பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் நெறி. கொள்முதல் விலை எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது, இருப்பு எவ்வளவு, லாபம் எங்கே சென்றது என்று கேட்க ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு.

ஆனால் ஒன்று. அங்கத்தினர் பொதுக்கூட்டத்துக்கு வாராமல், வரவுசெலவைப் படியாமல், நீட்டிய இடத்தில் கையொப்பமிட்டுச் செல்வாராயின், பெரியவர் சொன்னது மெய்யாகிவிடும். பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்றிருக்கும்; உள்ளே ஏகபோகமே நடக்கும். தணிக்கைக்குச் செல்லும் நாம் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்போம். அன்றாடம் பார்க்க வேண்டியவர் அங்கத்தினரே.

கேள்வி கேட்ட அப்பெரியவர் அன்று கூட்டம் முடியும்வரை அமர்ந்து, வரவுசெலவுக் கணக்கை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சங்கத்துக்கு அவர்போல் பத்துப்பேர் இருந்தால் போதும்.