ஏசி காற்றில் தூசி வாடையா?

உடையார்பாளையத்திலிருந்து அரியலூருக்கு அடிக்கடி காரில் போகிறவரா? சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஏசி ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் இது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். நீங்களே மாற்றலாம்.

1. முதலில் கார் கையேட்டைப் பாருங்கள். சில மாடல்களில் ஃபில்டர் வேறு இடத்தில் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது.

2. வண்டியை அணைத்துவிடுங்கள். ஃபேன் ஓடினால் குப்பையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

3. கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இருபக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தி இறக்குங்கள். பக்கவாட்டில் சிறு கொக்கியோ கயிறோ இருந்தால் முதலில் கழற்றுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உடையும்.

4. பழைய ஃபில்டரைச் சாய்க்காமல் மெல்ல உருவுங்கள். மடிப்பில் தங்கிய சருகும் மண்ணும் ஃபேனில் விழாது.

5. அதிலுள்ள அம்புக்குறியைப் போனில் படமெடுங்கள். புதியதை அதே திசையில்தான் செருக வேண்டும்.

6. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசாதீர்கள். இழை கெட்டு, பூஞ்சை வாடை வரும்.

7. 10,000 கி.மீ. வரை காத்திருக்காமல், கோடை முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். புழுதிச் சாலையில் அதன் ஆயுள் குறைவு.

குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் பயணிக்கும் வண்டி என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.