எடை குறையும்வரை காத்திருக்க வேண்டாம்: உடல் பருமன் உள்ளவர் வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

‘முதலில் எடையைக் குறைக்கட்டும், அப்புறம் புதுக் கட்டில் வாங்கலாம்.’ ‘கொஞ்சம் இளைக்கட்டும், அப்புறம் நல்ல துணி தைக்கலாம்.’ உடல் பருமன் மிகுந்த ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் எடை குறைய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அவர் இதே குளியலறையில் குளித்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே கட்டிலில்தான் படுத்து எழ வேண்டும்.

160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 105 கிலோ இருந்தால் அவருடைய உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 41. அது 40-ஐத் தொட்டாலே கடுமையான உடல் பருமன் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த உடம்போடு இன்றைக்கே வலி குறைந்து, விழாமல், புண் வராமல், கூசிக் குறுகாமல் வாழ வீட்டில் என்னென்ன செய்யலாம் என்பதற்கே இந்தக் குறிப்புகள். என் பெரியக்காவைக் கூட இருந்து பார்த்துக்கொண்டபோது கற்றவையும், மருத்துவர்கள், செவிலியர்களிடம் கேட்டு அறிந்தவையும் இதில் உண்டு.

1. தோல் மடிப்புகளைக் கவனிப்பதுதான் தினசரி வேலைகளில் முதல் வேலை. மார்பகத்தின் அடியில், தொங்கும் அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்கில் வியர்வை தங்கும். தோலோடு தோல் உரசிச் சிவந்து எரியும். பிறகு பூஞ்சைத் தொற்று பற்றிக்கொள்ளும். குளித்து முடித்ததும் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, பழைய பருத்தித் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒற்றிய பிறகு மின்விசிறிக்கு நேரே சற்று நேரம் காற்றாட விடுங்கள். கிழிந்த மல் வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் துவைத்து வைத்துக்கொண்டால், ஒரு பட்டையை மடிப்புக்குள் ஒரே அடுக்காக வைக்கலாம். அதன் ஓரம் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும்; உறிஞ்சிய ஈரம் அந்த ஓரத்தின் வழியாகத்தான் காயும். நனைந்ததும் மாற்றிவிடுங்கள். பவுடரை அள்ளிக் கொட்டினால் வியர்வையில் குழைந்து கட்டிதட்டி, அதுவே உரசிப் புண்ணாக்கும். கை எட்டாத இடங்களைப் பார்க்க நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று குளியலறையில் இருக்கட்டும். இந்த உதவியைக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். கேட்கும்வரை காத்திராமல், ‘குளித்தாயிற்றா, துண்டு எடுத்து வரட்டுமா?’ என்று நீங்களே இயல்பாகத் தொடங்குங்கள்.

2. மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிப் பூச வேண்டாம். அப்படிக் கிடைக்கும் கிரீம்கள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியதுபோல் தெரியும். தொற்று மெல்லப் பரவிக்கொண்டிருக்கும், தோலும் மெலிந்து வரிவரியாகும். மடிப்பில் புண் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

3. உள்பாவாடை நாடாவை மெல்லிய கயிறாகப் போடாமல், நாலு விரல் அகலப் பட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கும் நாடா இடுப்பில் கறுத்த தழும்பையும் ஆறாத புண்ணையும் உண்டாக்கும். ஆறாத புண்ணை ‘நாடா தழும்புதானே’ என்று விட்டுவிடக் கூடாது; அரிதாக அது புற்றாகவும் மாறியிருக்கிறது. தொடைகள் உரசாமலிருக்க, சேலைக்கோ நைட்டிக்கோ உள்ளே முழங்கால்வரை வரும் பருத்தி அரைக்கால்சட்டை போதும். இன்றைய அளவுக்கு இன்றே தையுங்கள்.

4. குளியலறையில் கைப்பிடிக் கம்பி வேண்டும். டைல்ஸில் ரப்பர் குப்பியால் ஒட்டும் வகை வேண்டாம், துண்டு போடும் கம்பியும் தாங்காது. செங்கல் சுவரில் துளையிட்டு, ஆங்கர் போல்ட் போட்டு முடுக்கிய ஸ்டீல் கம்பிதான் பாரம் தாங்கும். குளிக்க உயரமான, அகலமான ஸ்டீல் ஸ்டூல் போடுங்கள். வாளிக்குக் குனிந்து மொண்டு ஊற்றுவதைவிட ஹேண்ட் ஷவர் நல்லது. முதுகும் காலும் தேய்க்க, பீர்க்கங்காய் நாரை நீளக் குச்சியில் கட்டிக்கொள்ளலாம்.

5. குந்தி உட்காரும் கழிப்பறை முழங்காலை வாட்டும். அதன் மேல் பிளாஸ்டிக் கமோடு ஸ்டூலை வைத்துச் சமாளிப்பது ஆபத்து. பெரும்பாலானவை இந்தப் பாரத்துக்குச் செய்தவை அல்ல. வெஸ்டர்ன் கமோடு வைப்பதானால் சுவரில் தொங்கும் வகையைத் தவிர்த்து, தரையில் பதிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் கண்டாலும் உடனே மாற்றுங்கள். உடைந்த பீங்கான் கத்தியைவிட ஆழமாகக் கிழிக்கும். கழுவும்போது பின்னால் கை எட்டாதவருக்கு, ஹெல்த் ஃபாசெட்டின் குழாய் முன்புறமிருந்தும் போய்ச் சேரும் அளவு நீளமாக இருந்தால், அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிராது. இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாததால்தான் பலர் வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிடுகிறார்கள்.

6. உட்காரும் பலகையின் உயரம் அவருடைய முழங்கால் மடிப்பின் உயரத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இது பொருந்தும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில், நடுவே குழி குடைந்த உறுதியான மரக்கட்டைகளை வைக்கச் சொல்லுங்கள், நழுவாது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி ‘கிரீச்’ என்றால் அவர் அன்றைக்கு முழுக்க எழுந்தே வரமாட்டார். கைப்பிடி இல்லாத அகலமான மரப் பெஞ்சு ஒன்று கூடத்தில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கட்டும்.

7. விழுந்துவிட்டால் அக்குளில் கைகொடுத்துத் தூக்க முயலாதீர்கள். அவருடைய தோள் நழுவும், உங்கள் முதுகும் போய்விடும். முதலில் அடி பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெதுவாக ஒருக்களிக்கச் செய்து, பிறகு கை, முழங்கால்களை ஊன்ற வைத்து, முன்னால் ஒரு கனமான ஸ்டூலைப் போட்டு, அதைப் பிடித்து அவரே எழ உதவுங்கள். முடியவில்லை என்றால் தலையணை கொடுத்துப் போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

8. குறட்டையை நல்ல தூக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். குறட்டை திடீரென நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு திரும்பினால் அது தூக்க மூச்சுத்தடை. காலையில் தலைவலி, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுதல், மருந்து சாப்பிட்டும் அடங்காத ரத்த அழுத்தம் எல்லாம் அதன் கூட்டாளிகள். இரவு அவர் தூங்கும்போது இரண்டு நிமிடம் செல்போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். இதற்குத் தரும் சிபாப் கருவியை 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தினார். காற்றைச் சிறு அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டை மூடாமல் காப்பது அதன் வேலை. கருவி வந்த பிறகு வீட்டு வேலை நம்முடையது. முகமூடியைத் தினமும் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். மின்சாரம் போனாலும் கருவி ஓட, அதன் பிளக் பாயிண்டும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் இவருக்குப் பெரும் ஆபத்து. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

9. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கவனியுங்கள். வீட்டுக் கருவிகளோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியை அளந்து பாருங்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால், மேல் அளவு 20 புள்ளி வரைகூடக் கூடுதலாகக் காட்டலாம். இல்லாத அழுத்தத்துக்கு மாத்திரை கூட்டும் நிலை இப்படித்தான் வருகிறது. பெரிய பட்டை தனியாகவே கிடைக்கும். மருத்துவமனைக்கும் அதை எடுத்துச் செல்லுங்கள்.

10. எடை மெஷின் வாங்கும்போது எத்தனை கிலோ வரை காட்டும் என்று அட்டையில் பாருங்கள். பல மெஷின்கள் 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடும். எடை பார்க்க யாரும் அரிசி மண்டித் தராசில் ஏறி நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்ததும், ஒரே கிழமையில் பார்த்தால் போதும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால், நீர் கோத்திருக்கிறது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

11. பாதத்தைத் தினமும் வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். சர்க்கரை இருந்தால் முள் குத்தியதுகூட உறைக்காது. நகத்தை நேராக வெட்டுங்கள். செருப்புக்கு வெல்க்ரோ பட்டை வைத்தது நல்லது, வீக்கத்துக்கு ஏற்ப இறுக்கித் தளர்த்தலாம்.

12. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும், கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும் எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். முன்னது ரத்தக்கட்டாக இருக்கலாம், பின்னது தோலடித் தொற்று. கூடவே நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 108.

13. 108-ஐ அழைக்கும்போதே உத்தேச எடையையும், மாடியா தரைத்தளமா என்பதையும் சொல்லிவிடுங்கள். கூடுதல் ஆட்களுக்கு ஏற்பாடு செய்ய அது உதவும். ஸ்கேன் எடுக்கச் சொன்னால், போகும் முன் போனில் கேளுங்கள். பழைய சி.டி. மேசைகள் பல 200 கிலோவோடு நின்றுவிடும். எம்.ஆர்.ஐ. குழாயில் 60 செ.மீ. அகலமும் உண்டு, 70 செ.மீ. அகலமும் உண்டு. அங்கே போய், எல்லார் முன்னிலும் ‘இதில் நுழைய முடியாது’ என்று திருப்பி அனுப்பப்படுவது எத்தனை பெரிய வதை என்பதைப் பட்டவர்களே அறிவார்கள்.

14. சமையலறையில் அவருக்கென்று தனிப் பானை வைக்காதீர்கள். வீடு முழுக்க பூரி சாப்பிட, அவருக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி என்றால் அது தண்டனையாகிவிடும். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. காயும் பருப்பும் முட்டையும் கூட, சோறு அளவாக. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருக்கிறது. நாலு வேளை டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் நாளுக்கு 40 கிராம், 160 கலோரி. வாரம் அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். கொள்ளு நல்ல பருப்புதான், புரதமும் நிறைய. ஆனால் அது கொழுப்பைக் கரைத்துவிடாது. சிறுதானியத்துக்கும் அதே பேச்சுதான். அளவு மீறினால் தினையும் சோறும் ஒன்று.

15. ‘வாயைக் கட்டினால் குறையாதா?’ என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. 2011-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் பத்து வாரத்தில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்தும் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் அப்போதும் உயர்ந்தே இருந்தது. நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. உடம்பு பழைய எடைக்குத் திரும்பவே போராடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. இழந்த எடை திரும்பி வந்தவரை மனவுறுதி அற்றவர் என்று பழிப்பது அநியாயம். 120 கிலோ உள்ளவர் 6 முதல் 12 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். அதைக் கொண்டாடுங்கள்.

16. அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், சில வலிப்பு மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டலாம். மாற்று உண்டா என்று கேட்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது. மூட்டுவலிக்கென்று பெயர் ஒட்டாமல் விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்படம் நடப்பதுண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

17. எடை குறைப்புக்கான டிர்செபடைடு, செமாக்ளூடைடு ஊசிகள் 2025-இல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. மருத்துவர் சீட்டில்லாமல் தொடாதீர்கள். பிரிக்காத பேனாவைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒருவர் பேனாவை இன்னொருவர் பகிரக் கூடாது. வயிற்றுவலி முதுகுக்குப் பாய்ந்தால், வாந்தி நிற்காமல் போனால் மருத்துவமனைக்குப் போங்கள். எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் இந்த ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எவ்வளவு பருத்த உடம்புக்கும் 4 மில்லிமீட்டர் ஊசியே போதும்.

18. இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டில், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும். ‘உடம்பு தேறிவிட்டதே’ என்று நிறுத்துவதால்தான் பின்னாளில் சோகையும் எலும்புத் தேய்வும் வருகின்றன. உணவோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், குடலில் புண்ணாகும். இளம்பெண்கள் குறைந்தது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

19. மருத்துவரிடம் போகும்போது வலியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எங்கே, எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது. எதைச் சொன்னாலும் ‘எடையைக் குறையுங்கள்’ என்ற ஒரே பதில் வந்தால், ‘எடை குறைவாக உள்ள ஒருவர் இதே வலியோடு வந்தால் என்ன சோதனை எழுதுவீர்கள்?’ என்று பணிவாகக் கேளுங்கள்.

20. வீட்டுக் குழந்தைகள் அவரை ‘குண்டு அத்தை’ என்று கூப்பிடுவதைப் பெரியவர்கள் முதல் நாளே நிறுத்த வேண்டும்.

21. கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் ‘நீங்கள் எப்படி வருவீர்கள், சிரமம்’ என்று அவருக்காக நீங்களே முடிவெடுக்காதீர்கள். மண்டபத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறை எந்தத் தளத்தில் என்று கேட்டு வையுங்கள். பந்தியின் ஓரத்தில் கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று போடச் சொல்லி, முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுங்கள். இடம் பிடிக்க அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் வலிக்கும் முழங்காலோடு காத்து நிற்க அவரால் முடியாது.