எடுத்த இடத்தைச் சொல்வோம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். இங்கு அதியமானுக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரைப் பாடிய நூல் ‘தகடூர் யாத்திரை’. முழுநூல் இன்று இல்லை. ஆயினும் அதன் பாடல்களுள் 40-க்கும் மேற்பட்டவை ‘புறத்திரட்டு’ என்னும் தொகைநூல் வழியாக நமக்குக் கிடைத்துள்ளன. தொகுத்தவர் பாடலோடு, அது எந்த நூலைச் சேர்ந்தது என்பதையும் குறித்துவைத்தார். அக்குறிப்பு இல்லையெனில், பாடல்கள் கையில் இருந்தும் அவை தகடூர் யாத்திரையைச் சேர்ந்தவை என்று அறிந்திருக்க மாட்டோம்.

ஆய்வு வெளியீட்டு நெறியின் அடிப்படை இதுவே. பிறர் கருத்தை எடுத்தாளலாம். எடுத்த இடத்தை மறைக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென 2018-இல் விதிமுறைகள் வகுத்தது. அதன்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும்.

செயலாய்வு அறிக்கையோ கட்டுரையோ எழுதும் ஆசிரியர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று:

1. பிறர் வரிகளை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி இடுதல்.
2. நூல், ஆசிரியர், பக்க எண் தருதல்.
3. சொந்த நடையில் எழுதினாலும் கருத்துக்கு உரியவரைக் குறிப்பிடுதல்.

மாணவரின் செயல்திட்ட ஏட்டைத் திருத்தும்போது, “இதை எங்கிருந்து எடுத்தாய்?” என்று கேட்போம். விடையை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதட்டும். ஆறாம் வகுப்பில் இப்பழக்கம் வந்துவிட்டால், ஆய்வேடு எழுதும் வயதில் அவருக்கு விதிமுறையைக் காட்டி அச்சுறுத்த வேண்டியிராது.