செம்பாட்டு மண் நீலமாகத் தெரிந்தால்

விட்டுவந்த காணியின் படத்தைக் கணனியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பாடம். ஒருநாள் அதைத் திறக்கும்போது செம்பாட்டு மண் நீலமாகத் தெரிந்தால், படம் பழுதாகிவிட்டது என்று அழித்துவிட வேண்டாம். பெரும்பாலும் படம் அப்படியே இருக்கிறது. வாசித்த ஒழுங்குதான் பிழை.

கணனிப்படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கும். நமது மண்ணின் ஒரு புள்ளி 160, 64, 32 என்று வைத்துக்கொள்வோம். பின்னிருந்து வாசித்தால் 32, 64, 160. சிவப்பு நீலமாயிற்று. பச்சை நடுவில் இருப்பதால் அது அசையவில்லை. வெங்காயத்தாள் பச்சையாகவே தெரியும்.

03.04.1990 என்று உறுதியில் கண்டால் நாம் சித்திரை மாதம் 3ஆம் திகதி என்போம். அமெரிக்காவில் வளர்ந்த பேரப்பிள்ளை பங்குனி 4 என்பான். எழுத்து ஒன்றே, ஒழுங்கு வேறு. விண்டோஸின் பிஎம்பி கோப்பு பொதுவாக நீலத்தையே முதலில் எழுதும். வேறு பல கோப்புகள் சிவப்பை முதலில் எழுதும்.

செயலிகளுக்குள்ளும் இந்தப் பிணக்கு உண்டு. பெரிய எண்ணொன்றைப் பல பைட்டுகளில் வைக்கும்போது இன்டெல் செயலி சிறிய பகுதியை முதலில் வைக்கும். மோட்டோறோலா 68000 பெரிய பகுதியை முதலில் வைத்தது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்ட கலிவர் கதை மாந்தரின் பெயரையே 1980இல் டானி கோஹன் என்ற அறிஞர் இவற்றுக்குச் சூட்டினார். பொருத்தமான பகிடிதான்! 2006இல் அப்பிள் நிறுவனம் தன் கணனிகளை இன்டெலுக்கு மாற்றத் தொடங்கியபோது, மென்பொருள் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டியிருந்தது. இன்றைய கைத்தொலைபேசிகளில் இது அரிது. பழைய இறுவட்டுகளிலும் பழைய மென்பொருள்களிலும்தான் தலைகாட்டும்.

இங்கே நான்காவது பைட்டும் சேரும்: ஒளிபுகும் தன்மை, வழமையாக 255. அதை முன்னே வைத்து 255, 160, 64, 32 என எழுதியதை முழுதாகத் திருப்பினால் அந்த 255 நீலத்தின் இடத்தில் போய் உட்காரும். இப்போது வெங்காயத்தாளும் ஊதாவாகும்.

ஆகவே முதலில் இலையைப் பாருங்கள். இலை பச்சையாக இருந்து மண் மட்டும் நீலமானால், சிவப்பும் நீலமும் இடம்மாறியுள்ளன. எல்லாமே நீலம் பூத்தால், நான்கு பைட்டும் தலைகீழ். எதுவானாலும் அந்த நிறத்தோடு மீண்டும் சேமிக்காதீர்கள். மூலக்கோப்பின் பிரதியொன்றை வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். எல்லையைச் சிவப்பாலும் வாய்க்காலை நீலத்தாலும் குறித்த காணி வரைபடமென்றால், அதைச் சரிபார்க்கும்வரை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.