பழவேற்காடு: ஏரிக்கரை ஊரும் அதன் பாடு முறையும்

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரி வழியாகச் செல்லும் சாலையின் கோடியில், பழவேற்காடு என்னும் சிற்றூர் உள்ளது. இன்றைய திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இதே ஜில்லாவிலுள்ள திரூரில் 1904ஆம் வருஷத்தில் முதல் கிராம ஐக்கிய நாணய சங்கம் ஏற்பட்ட செய்தியை அங்கத்தினர்கள் கேள்வியுற்றிருக்கலாம். பதிவும் சட்டமும் இல்லாமலே ஒரு பொதுச் சொத்தைப் பலர் முறைவைத்து அனுபவிக்கும் ஏற்பாடு ஒன்று பழவேற்காட்டு மீனவரிடையே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அதற்குப் 'பாடு' என்று பெயர். அதனைப் பற்றிக் கூறுவதே நமது நோக்கம். ஆயினும் ஏரியின் இயல்பையும் ஊரின் பூர்வ சரித்திரத்தையும் சிறிது தெரிந்துகொண்டாலன்றி அது நன்கு விளங்காது.

நமது கிராமங்களிலுள்ள பாசன ஏரியைப் போன்றதன்று இந்த ஏரி. இது கடலோடு கலந்த உப்பங்கழி. இத்தேசத்து உப்பங்கழிகளுள் ஒரிஸ்ஸாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் பெரும்பகுதி ஆந்திர தேசத்தில் அடங்கும். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஒரு நீண்ட வரப்பைப்போலக் கிடந்து ஏரியைக் கடலினின்று பிரிக்கின்றது. தெற்கே ஆரணியாறும் வடபாகத்தில் காளங்கியாறும் வந்து விழுகின்றன. இவ்வளவு பரந்த நீருக்கு ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான் என்றால் பலர் நம்பமாட்டார். ஆகவேதான் நீண்ட கால்களையுடைய பூநாரைகள் ஆயிரக்கணக்கில் குளிர்காலத்தில் வந்து நீரில் நின்றபடியே இரை தேடுகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் புகுந்து ஏரி நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். சித்திரை, வைகாசி வெயிலிலோ நீர் வற்றிக் கடலைக் காட்டிலும் அதிகமாகக் கரித்துப்போவதும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஏரியை உயிருடன் வைத்திருப்பது ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடுகின்றது. குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவமடையும்போது திரும்பவும் கடலுக்குச் செல்கின்றன. ஆகையால் அவ்வழியை அடுத்த நீர்ப்பரப்பில் வலை கட்டுகிறவனுக்கு வருமானம் அதிகம். தூரத்தில் கட்டுகிறவனுக்குக் குறைவு. நன்செய் நிலத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேற்றுமையே இது.

இனி ஊரின் சரித்திரம். விஜயநகர அரசர் காலத்திலேயே இது பெயர் பெற்ற துறைமுகம். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தனர். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1610இல் சந்திரகிரி அரசரான வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழிக்கவே, 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழும்பியது. 1690இல் தலைமைத் தானம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் டச்சு வியாபாரத்துக்குத் தலைநகரம் பழவேற்காடுதான்.

அவர்கள் தேடி வந்தது நமது துணியை. கிழக்குத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்குவதற்கு வெள்ளியைவிடத் துணியே உபயோகப்பட்டது. அதற்காக வியாபாரிகள் மூலம் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்கினர். இவ்வூர்ப் பெயரால் வழங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைகள் உலகெங்கும் சென்றன. மெக்சிக்கோ தேசத்தார் கழுத்தில் கட்டும் துணிக்கு இன்றும் வழங்கும் 'பலியகாத்தே' என்னும் பெயர் பழவேற்காட்டின் பெயரே என்பர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சுக்காரர் இக்கரை வியாபாரிகளைப் பங்கு போட்டுக் கூட்டு முதல் சேர்க்கும்படி செய்தனர். அதில் பங்குதாரர் வியாபாரிகளே. தறியில் உட்கார்ந்தவன் அல்லன். அந்த வேற்றுமையை நமது நெசவாளர் சங்கத்தினர் எளிதில் உணர்வர்.

துணியோடு மனிதரும் கப்பலேறினர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பஞ்ச காலங்களில் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்ட ஏழைகள் ஆயிரக்கணக்கில் இத்துறையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அதே ஊரில் 1632 முதல் 1642 வரை இருந்த ஆபிரகாம் ரோஜர் என்னும் டச்சுப் பாதிரியார், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 1651இல் ஹாலந்தில் வெளியாயிற்று. டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கின்றது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கின்றனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. சென்னைத் துறைமுகம் வளரவே வியாபாரம் குன்றியது. பின்னர், பக்கிங்காம் கால்வாயில் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் சென்னைக்குச் சென்றுகொண்டிருந்தன, அப்போக்குவரத்தும் நின்றுபோயிற்று. மீன்பிடிப்பே ஊரின் பிரதான ஜீவனமாக நின்றது. மரக்காயர் குடும்பங்களிலுள்ள பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவது உபதொழிலாக நடந்து வருகின்றது.

இப்போது பாடு முறைக்கு வருவோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் என்பவை இவ்வூரைச் சார்ந்த பட்டினவர் குடியிருப்புகள். முகத்துவாரத்தை அடுத்து, சுத்து வலை கட்டத்தக்க இடங்கள் பாடுகள் எனப்படும். அவை எவனுக்கும் சொந்தமல்ல. தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அங்கு உரிமை உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்து, முறைமாற்றி அனுபவிக்கின்றனர். இன்று நல்ல பாடு கிடைத்தவனுக்கு மறுமுறை சாதாரணமான இடம் வரலாம். செல்வன் ஒருவன் பணத்தைக் கொட்டி நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள வழியில்லை. சச்சரவு எழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்தார் தீர்க்கின்றனர். கொச்சிக் காயலிலும், இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே பெயரால் இத்தகைய முறை உண்டு. ஓர் இன்ஸ்பெக்டரின் கண்ணுக்கு இதில் அங்கத்தினர் ஜாபிதா, உபவிதி, பொதுச் சபை எல்லாம் தென்படுகின்றன. மினிட்டுப் புத்தகம் ஒன்றுதான் குறைவு.

ஆனால் முறையின் பலவீனமும் அந்த ஜாபிதாவிலேதான் இருக்கின்றது. பாட்டில் சேருவதற்குப் பட்டினவர் குலத்தில் பிறந்திருக்க வேண்டும். அதே ஏரியை நம்பியுள்ள பிற ஜாதி மீனவரும், தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் அந்தக் கணக்கில் இல்லை. முற்காலத்தில் இதனால் பெரிய கலகம் விளையவில்லை. ஏற்றுமதியினால் இறாலின் விலை உயர்ந்து, நைலான் வலைகளும் வந்த பிறகு ஏரியில் இறங்குவோர் பெருகினர். 1969 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் அமைக்க அரசாங்கத்தார் நிலம் எடுத்தபோது, அத்தீவை விட்டு வெளியேறிய குடிகளும் ஏரிக்கரைகளில் வந்து குடியேறினர். இதனால் பாடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தகராறுகள் ஏற்பட்டிருக்கின்றன. உள்ளே இருப்பவர்க்குள் சமநீதி செய்யும் ஓர் ஏற்பாடு, வெளியே நிற்பவனுக்கு மூடிய கதவாகவும் இருக்கின்றது. கதவை முழுதும் திறந்துவிட்டால் இருக்கிற இடங்கள் போதாமல் முறையே குலைந்துவிடும் என்பது குப்பத்தாரின் வாதம். அவ்வாதத்தில் நியாயமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், பிறப்பைத் தவிர வேறு அளவுகோல் இருக்கலாகாதா என்று கேட்பவன் வாதமும் அவ்வளவே பலமுள்ளது.

இத்தனைக்கும் ஆதாரமான முகத்துவாரம் நிலையாக நிற்பதில்லை. கடலலை மணலைத் தள்ளிக்கொண்டு வரக் கோடையில் அது குறுகும். சில வருஷங்களில் அடைபட்டே போகும். அப்பொழுது இறால் குஞ்சு உள்ளே வராது. கடலுக்குச் செல்லும் படகும் வெளியே போக இயலாது. பல தடவைகளில் மீனவர் தாமே பணம் சேர்த்து மணலைத் தோண்டி வழி செய்திருக்கின்றனர். சமீப வருஷங்களில் அரசாங்கத்தார் முகத்துவாரத்தின் இருபுறமும் கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பி, வழியை ஆழப்படுத்தும் வேலையை மேற்கொண்டனர். வாய் திறந்து நின்றால் அதனால் வரும் மீன், பாடு உள்ளவன் வலைக்கும் வரும். ஏரியின் உட்பாகத்தில் சேற்றில் நின்று கையால் தடவுகிற இருளப் பெண்ணின் கூடைக்கும் வரும்.