கீழூரும் குடிகளின் சம்மதமும்

அரசாளும் அதிகாரம் வானினின்று இறங்கியதன்று, ஆளப்படுங் குடிகளின் சம்மதத்தினின்று பிறப்பதே என்னுங் கொள்கையை 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு ஜான் லாக் என்பார் நூல் வாயிலாக விளக்கினார். 1776-இல் அமெரிக்கக் குடியேற்ற நாட்டினர் தம் சுதந்திரப் பிரகடனத்தை இக்கொள்கை மீதே நாட்டினர். சரித்திர வகுப்பில் இதனைப் பயிலும் மாணவருட் பலர், கடல் கடந்த செய்தியெனக் கருதிப் பரீட்சையோடு மறந்துவிடுகின்றனர். வில்லியனூரை அடுத்த கீழூருக்கு ஒருமுறை சென்று வந்தோர் அங்ஙனம் மறவார்.

அச்சிற்றூரில், 1954 அக்டோபர் 18-ஆம் நாள், பிரெஞ்சிந்தியப் பிரதிநிதி சபையினரும் கொம்யூன் அங்கத்தினருமாக 178 பேர் கூடி, இந்தியாவோடு இணைவதைக் குறித்து வாக்களித்தனர். இணைப்பை ஆதரித்தோர் 170 பேர். எதிர்த்தோர் 8 பேர். நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இலேயே நிறைவேறியது.

இவ்வாக்கெடுப்பு வெறுஞ் சடங்கன்று. சம்பந்தப்பட்ட குடிகளின் சம்மதமின்றி எந்நிலப்பகுதியையும் பிறர்க்கு அளித்தல் செல்லாதென 1946-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு விதித்திருந்தது. லாக் விதைத்தது இங்ஙனம் நம் வயல்வெளிக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் ஓர் ஐயம் எழும். 1949-இல் சந்திரநாகூரில் குடிகளே நேரில் வாக்களித்தனர். கீழூரிலோ பாகூர் உழவரும் வில்லியனூர் நெசவாளரும் வாக்களித்தாரல்லர், அவர்தம் பிரதிநிதிகளே வாக்களித்தனர். இறைமையை ஒருவர்க்காக மற்றொருவர் செலுத்தலாகாதென 1762-இல் எழுதிய ரூஸோ இதனை ஒப்பியிரார். அமெரிக்கர் என் செய்தனர்? 1787-இல் வரைந்த அரசியலமைப்பை ஏற்கும் பொறுப்பை நாடுதோறுங் கூடிய பிரதிநிதி மாநாடுகளிடம் விட்டனர். 13-இல் 9 ஏற்பின் போதும் என்றனர். ரோட் தீவு மட்டும் 1788-இல் ஊர்மக்களையே நேரிற் கேட்டது, அவர்கள் மறுத்தனர், 1790-இல் மாநாடு கூடி, 34-க்கு 32 என்ற அளவில் ஏற்றது. எவ்வழி உண்மைச் சம்மதம் என்பதை அந்நாட்டாரும் ஒருமனதாகத் தெளிந்தாரல்லர். (மாந்தர் யாவரும் சமம் என்றெழுதிய அவர்களே அடிமைகளை அச்சமத்துவத்திற் சேர்த்திலர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.)

எமது துணிபு வருமாறு. கீழூரில் வாக்களித்தோருட் பெரும்பாலோர் கொம்யூன் அங்கத்தினர். 1880-ஆம் ஆண்டுக் கட்டளையால் வில்லியனூரும் பாகூரும் பெற்ற சபைகளின் மரபில் வந்தோர். அம்மரபு குறையுடையது; ஐரோப்பியர்க்கொரு பட்டியலும் இந்தியர்க்கு வேறு பட்டியலுமாக வாக்காளரை நெடுங்காலம் பிரித்து வைத்தது. எனினும் அவ்வங்கத்தினர் ஊரார் முகமறிந்தவர். தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கத் தக்கவர். அடுத்த தேர்தலில் நீக்கத் தக்கவர். 1954 மார்ச்சு 18-ஆம் நாள் புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன்கள் இணைப்பைக் கோரித் தீர்மானித்ததும் அவர்கள் வாயிலாகவே. ஆதலின் அவர்தம் வாக்கைக் குடிகளின் வாக்கெனக் கொள்வதில் எமக்குத் தடையில்லை.

ஆனால் அவ்வலிமை முழுதும் அடுத்த தேர்தல் என்னும் ஒன்றைப் பற்றியே நிற்பது. கொம்யூன்களுக்கு 1968-இல் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் நடந்த ஆண்டு 2006. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் வாக்குரிமை எய்திய பாகூர்க்காரர் ஒருவர், சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஆளனுப்பியிருப்பார். தம் ஊர்த் தெருவையும் குளத்தையும் பேணும் சபைக்கு எவரையும் அனுப்பியிரார்.